முப்பத்தெட்டு வயது முளை

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு மூன்று பெட்டி வரைந்தேன். இதற்காகவா இத்தனை வருடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினாய் என்று யாராவது கேட்டால், ஆமாம், இதற்காகத்தான்.

எரிசக்தித் துறையின் ஏழாவது மாடிக் கூட்ட அறை. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. நாட்டின் அடுத்த இருபத்தைந்து வருட மின்சாரத்தைத் தீர்மானிக்க வேண்டிய குழு அந்த வாளியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தது. தேசிய எரிசக்தி மாற்றக் கொள்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. படத்தைத் திரையில் போட்டேன்.

மேல் பெட்டி: யார் கையிலும் இல்லாதவை. வெயில், வெள்ளம், போர், எண்ணெய் விலை. நடுப் பெட்டி: இன்று நாடு ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. அனல் மின் நிலையங்கள், நிலக்கரி ஒப்பந்தங்கள், கம்பி, கட்டணம், சட்டம், நம் பழக்கம், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அசைய மறுப்பவை. கீழ்ப் பெட்டி: முளைகள். சூரிய ஒளி, காற்று, மின்கலச் சேமிப்பு — இன்னும் சொந்தக் காலில் நிற்காதவை. நான் படித்த மாற்றக் கோட்பாடு சொல்வது இவ்வளவுதான்: முளைக்குத் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. நடுவில் இருப்பதை முறையாக, ஆட்களை நடுத்தெருவில் விடாமல், இறக்கவும் வேண்டும். தண்ணீர் ஊற்றுவது என் நான்காம் அத்தியாயம். இறக்குவது ஐந்தாம் அத்தியாயம்.

பேசி முடித்ததும் ஒரே அமைதி. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அடடா, உறைத்துவிட்டது போலிருக்கிறதே! அப்புறம்தான் தெரிந்தது, எல்லோரும் பெட்டிகளின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுப் பெட்டி பெரியது. இருப்பதிலேயே பெரிய ஏற்பாடு என்பதால் பெரிதாக வரைந்திருந்தேன். அனல் மின் கழகத் தலைவர் (நான் வைத்த பெயர் கரிராஜா) தன் கழகத்தின் பெயரை அதில் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். சூரிய மின் பிரிவின் இயக்குநர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"எங்கள ஏன் மேடம் கீழ போட்டிருக்கீங்க?"

"கீழன்னா மட்டம்னு இல்ல சார். அதுதான் வளர்ற இடம்."

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து வளர்றோம்னுதான் சொல்றாங்க," என்றார். பாவமாகத்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

துறைச் செயலாளர் படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் குறிப்பு: "அருமை. அம்புக்குறி மட்டும் இன்னும் கொஞ்சம் நம்பிக்கையாக இருக்கலாம்." அம்புக்குறியை எப்படி நம்பிக்கையாக்குவது? தடிமனாக்கினேன். மனிதர் குளிர்ந்துபோனார்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இவர் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பொறியாளர், பாய்லர் பகுதி. அந்த நிலையத்துக்கு வயது முப்பத்தெட்டு. ஐந்தாம் அத்தியாயத்தில் மூட வேண்டிய நிலையங்களில் முதல் பெயர் அதுதான். பெண்டாட்டி எழுதுகிற கொள்கையில் புருஷன் வேலை போகிறது. டி.வி. சீரியலில் வைத்தால்கூட ஓவர் என்பார்கள்.

"நாட்டுல வேற நிலையமே இல்லையா? எங்க வயித்துலதான் அடிக்கணுமா?"

"அடிக்கலைங்க. உங்க வயித்தைக் காப்பாத்தத்தான் பாக்குறேன். ஒரு தடவை படிச்சுத்தான் பாருங்களேன். ரெண்டு வருஷம் முன்னாடியே நோட்டீஸ். மூடின பிறகு மூணு வருஷம் முழுச் சம்பளம். வேற வேலைக்குப் பயிற்சி, அதுவும் அரசாங்கச் செலவுல."

"மூடாம விட்டா இதெல்லாம் எதுக்கு?"

சாம்பல் (எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அப்போது குழாய் ரிப்பேருக்கு வந்து சமையலறையில் குனிந்திருந்தான். இவருடைய சித்தப்பா மகன். அதே நிலையத்தில் சாம்பல் அகற்றும் வேலை, ஒப்பந்தக்காரர் மூலமாக. பதினாறு வருடமாக ஒப்பந்தக்காரர்கள் மாறியிருக்கிறார்கள், அவன் மாறவில்லை. வீட்டில் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். அவன் உள்ளே இருந்தே குரல் கொடுத்தான்.

"அண்ணே, அது எங்க ஓடுது? தவழுது. ஒட்டுக்கு மேல ஒட்டு. எப்ப படுத்துக்குமோ!"

"நீ சாம்பலை அள்ளுற வேலையைப் பாரு. பாய்லரை நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பேச்சு எனக்கே சுருக்கென்றது. சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணி, அந்த மூணு வருஷச் சம்பளம் எங்களுக்கும் உண்டா?"

"ஒப்பந்தத் தொழிலாளர் உட்படன்னு போட்டிருக்கேன் பாரு," என்று வரைவை எடுத்து நீட்டினேன். அந்த வரியில் விரலை வைத்துப் படித்தான். சிரித்தான். "எங்களையும் ஆளா மதிச்சு எழுதிட்டீங்களே!"

இவர் இரவு சாப்பாட்டுக்கு "தண்ணி" என்றார். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். சுவர் எடுத்துக் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

கூத்து ஆரம்பம். நடுப் பெட்டிக்கு அடிதடி!

காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. நிலக்கரி இறக்குமதியாளர் சங்கம்: "எங்க பேரு நடுப் பெட்டில விட்டுப்போச்சு." மீட்டர் தயாரிப்பாளர்கள்: "நாங்க இல்லாம ஏற்பாடா?" ஒரு மின்கம்ப ஒப்பந்தக்காரர் நேரிலேயே வந்து, பெட்டியில் ஓர் ஓரமாக இருந்தாலும் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஐயா, அது கல்யாண மண்டபத்தில் முன்வரிசை இல்லை, மெல்ல மெல்ல இறக்கப்போகிறவர்களின் இடம் என்றேன். "பரவாயில்லைங்க, முதல்ல ஏறிக்கிறேன்," என்றார்.

மதியம் சூரிய இயக்குநர், அமைச்சரின் சிபாரிசுக் கடிதத்தோடு. தன் பிரிவைக் கீழிருந்து நடுவுக்கு உயர்த்த வேண்டுமாம்.

"சார், கீழ இருந்தா உங்களுக்கு வரிச் சலுகை, மானியம். மின்சாரம் அனுப்பக் கம்பியில முதல் இடம். பத்து வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது. நடுவுல போனா மூடுற வரிசையில நிப்பீங்க."

"நீங்க புத்தகத்தைப் பேசுறீங்க மேடம். நான் ஆபீசைப் பேசுறேன். கீழ இருக்கிறவனுக்கு எவன் நாற்காலி போடுவான்? என் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கணும். அதுல என்னன்னு போடுறது, முளைன்னா?"

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. செயலாளரிடம் போய் முட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பெட்டிதானேம்மா. கொஞ்சம் தள்ளிப் போடுங்க. மனுஷனுக்கு ரிட்டயர்மென்ட் வருது."

மார்ச் 14, வெள்ளி

சூரியன் நடுப் பெட்டிக்குக் குடிபோனான். செயலாளர் கையெழுத்து, பச்சை மை.

மார்ச் 20, வியாழன்

நிதித் துறையிலிருந்து வந்தவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தேன். மெலிந்த மனிதர், மெலிந்த பேனா. நான்காம் அத்தியாயத்தை ஒரு புரட்டுப் புரட்டினார், ஐந்தாவதில் நின்றார்.

"ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட — இதை எடுத்துடுங்க."

"எடுக்க முடியாது."

"அப்ப அத்தியாயத்தையே எடுத்துடுறேன்."

மிரட்டல் இல்லை. ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். ஒப்பந்தத் தொழிலாளர்கள் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள், அவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால் எங்கே நிற்பது என்று விளக்கமும் கொடுத்தார். நான் கத்தினேன். மன்றாடினேன். செயலாளர் பக்கம் பார்த்தேன். அவர் வாளியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "பின்னாடி திருத்தத்துல சேத்துக்கலாம்மா" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். மொத்தமும் போவதற்கு இதாவது தங்கட்டும் என்று.

சரிதானா செய்தது? வேறு என்ன செய்திருப்பேன்? எழுந்து வந்திருக்கலாம். எழுந்து வந்தால் அந்த நாற்காலியில் கரிராஜாவின் ஆள் உட்கார்ந்திருப்பான்.

மாலையில் சாம்பலைக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிட்டேன். "விடுங்க அண்ணி, முதல்ல அண்ணனுக்குக் கிடைக்கட்டும். பின்னாடி சேத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்கல்ல?" என்றான். என்னைத் தேற்றுகிறான்! எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

கரிராஜாவுக்கு யாரோ வரைவைப் படித்துக் காட்டிவிட்டார்கள். படத்தோடு நின்றிருப்பார் என்று நினைத்து ஏமாந்தேன்.

"நடுப் பெட்டி பெரிசுதான், ஒத்துக்கிறேன். ஆனா மானியம் எல்லாம் கீழ்ப் பெட்டிக்கில்ல போகுது?" என்று ஆரம்பித்தார். "கீழ்ப் பெட்டி காலியாத்தானே கிடக்கு? சூரியன் மேல போயிட்டாரே."

காலியாகத்தான் கிடந்தது. காற்றாலையும் மின்கலமும் மட்டும் ஒரு மூலையில் இருந்தன.

அவர் கொண்டுவந்த கோப்பின் பெயர் "புதிய தலைமுறை நிலக்கரி முன்னோடித் திட்டம்". உள்ளே இருந்தது இவருடைய நிலையம். அதே பாய்லர், அதே பெல்ட், அதே புகைபோக்கி. புகைபோக்கிக்கு மட்டும் பச்சை பெயின்ட் அடித்துப் படம் எடுத்திருந்தார்கள். மற்ற நிலையங்களும் பெயின்ட் காய்ந்ததும் ஒவ்வொன்றாக வருமாம்.

"சார், இதுக்கு முப்பத்தெட்டு வயசு. இது எப்படி முளை ஆகும்?"

செயலாளர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "வயசெல்லாம் மனசுலதாம்மா இருக்கு."

சத்தியமாகச் சொன்னார். நான் கற்பனை செய்யவில்லை. அமைச்சர் அலுவலகத்திலிருந்து மாலைக்குள் ஒப்புதலும் வந்துவிட்டது. எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் சொல்வார், பழைய ஏற்பாடு தன்னை எதிர்ப்பவர்களை அடிக்காது, அவர்கள் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் என்று. பரீட்சையில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். எதிரே நடக்கும்போது வாய் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

நிலையத்து வாயிலில் பேனர் கட்டியிருக்கிறார்களாம்: "எங்கள் ஆலை இளம் முளை!" தொழிற்சங்கம் பட்டாசு வெடித்ததாம். இவர் பல வாரத்துக்குப் பிறகு சுவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாத்தியா? மூடணும்னு நீ குதிச்சே. பத்து வருஷத்துக்கு எவனும் அசைக்க முடியாது."

எனக்கு வந்ததே கோபம். அய்யோ மனுஷா, உங்களுக்கு இருந்த ஒரே குடையையும் பிடுங்கிட்டான், நீங்க மழை நின்னுடுச்சுன்னு பட்டாசு வெடிக்கிறீங்களே! முளையை யாரும் மூட மாட்டாங்க, சரி. அது தானா செத்துப்போச்சுன்னா? நோட்டீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது, பயிற்சி கிடையாது. ஐந்தாம் அத்தியாயம் நடுப் பெட்டிக்கு மட்டும்தான். இதையெல்லாம் அவரிடமே சொல்லிவிட்டேன், இதே வேகத்தில்.

"நல்ல நாள்ல அபசகுனமாப் பேசாதே," என்று எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

கொள்கை வெளியீட்டு விழா. வழவழ தாள், நான்கு வண்ணம். அட்டையைத் திருப்பினால் என் படம். மேல் பெட்டியில் அமைச்சரின் பெரிய புகைப்படம். மேலே அவர்தானே இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் மாற்றிவிட்டார்கள். வெள்ளம், போர், விலையேற்றம், யார் கட்டுப்பாட்டுக்கும் அடங்காதவை இருக்கிற பெட்டி அது. பார்க்கப் பார்க்க, இந்த ஒரு திருத்தம் மட்டும் தப்பில்லை என்று தோன்றியது.

எனக்கு ஒரு சால்வை. பாலியஸ்டர்.

ஜூன் 11, புதன்

மதியம் கூட்டத்தில் இருந்தபோது யாரோ சொன்னார்கள், பழைய நிலையத்தில் பாய்லர் வெடித்துவிட்டது என்று. இவருக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. சாம்பலுக்கு அடிக்கிறேன், எடுக்கவில்லை. இன்றைக்கு இவருக்குப் பகல் ஷிப்ட். படி இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனால், பாதி வழியில் சாம்பல் கூப்பிட்டான்.

"அண்ணி, அண்ணன் நல்லாருக்காரு. நானும் நல்லாருக்கேன். யாருக்கும் ஒண்ணுமில்ல. குழாய்தான் மொத்தமாப் போச்சு."

ஆட்டோவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். டிரைவர் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். என் கோட்பாடு, படம், அம்புக்குறி எல்லாம் எங்கேயோ போய், இவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒன்றுதான் மனதில் நின்றது.

இரவு வீட்டுக்கு வந்தவர் பேசவில்லை. சுவரைப் பார்த்தும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 16, திங்கள்

கரிராஜாவின் அறிக்கை: "முன்னோடித் திட்டம் வளர்ச்சிக்கான ஓய்வில் உள்ளது." சரி செய்ய ஆகும் செலவில் புது நிலையமே கட்டலாம் என்று இவர் சொல்கிறார். ஓய்வுதான். இனி எழுந்திருக்காத ஓய்வு.

ஜூலை 3, வியாழன்

இவருக்குச் சம்பளம் வரவில்லை. அங்கே யாருக்கும் வரவில்லை. ஒப்பந்த ஆட்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம், வளர்ந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று.

தொழிற்சங்கம் ஐந்தாம் அத்தியாயத்தைக் காட்டித் துறைக்கு மனு கொடுத்தது. பதில் எழுதும் வேலை யாருக்கு வந்தது? வேறு யாருக்கு. செயலாளர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "மேற்படி நிலையம் கீழ் அடுக்கில் பாதுகாக்கப்பட்ட முளை. முளைகள் மூடப்படுவதில்லை. எனவே மூடல் உதவி பொருந்தாது." எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இவர் வீட்டில் இருக்கிறார், என் சம்பளம் மட்டும்தான் வருகிறது, எழுதினேன்.

ஜூலை 10, வியாழன்

இன்றைய நகைச்சுவை. ஐந்தாம் அத்தியாயத்தின் கீழ் முதல் மூடல் நடந்தேறிவிட்டது. எது? சூரிய மின் பிரிவு! நடுப் பெட்டியில் இருப்பதிலேயே சிறியது, மூடச் சுலபம், முதல் ஆண்டு இலக்கை எட்டிய மாதிரியும் இருக்கும் என்று கத்தரி கண்டுபிடித்திருக்கிறார். கூரையில் தகடு போட விண்ணப்பித்துக் காத்திருந்த வீடுகளுக்கெல்லாம் "பிரிவு கலைக்கப்பட்டது" என்று தகவல் போகிறது. துறையின் ஆண்டறிக்கையில் எழுதப்போகிறார்கள்: மாற்றம் திட்டமிட்டபடி நடைபெறுகிறது.

இயக்குநரைப் பார்த்து ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். மனிதர் பூரித்துப்போயிருந்தார்.

"மூணு வருஷம் முழுச் சம்பளமாம் மேடம். நோட்டீஸ் காலத்துக்கும் சேத்துக் கையில கொடுத்துட்டாங்க. நீங்க என்னமோ பயமுறுத்தினீங்களே! நடுப் பெட்டி நல்ல பெட்டிதான்."

அவருக்கு நியாயமாகக் கிடைத்ததுதான். என் அத்தியாயம் அச்சுப் பிசகாமல் வேலை செய்கிறது. ஆள்தான் மாறிவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

நிலையத்து வாயிலில் போராட்டம். ஆபீஸ் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். ஏப்ரலில் பட்டாசு வெடித்த அதே ஆட்கள், அதே மைக், கோஷம்தான் வேறு.

"மூடு, மூடு! ஆலையை மூடு!"

"மூடாமல் விடமாட்டோம்!"

தன் ஆலையை மூடச் சொல்லித் தொழிலாளர் போராடுவதை உலகத்தில் வேறு எங்காவது பார்த்திருப்பார்களா? நெற்றியில் வியர்வை வழிய இவர் முன்வரிசையில் கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார். இவருக்குப் பின்னால் சாம்பல், இவரைவிடச் சத்தமாக. காவலுக்கு வந்த போலீஸ்காரர் என்னிடம் கேட்டார், "என்னம்மா இது, திறக்கச் சொல்லித்தானே கத்துவாங்க?" நான் அந்தக் கொள்கையை எழுதியவள் என்று சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரே ஆரம்பித்தார்.

"அந்த அஞ்சாம் அத்தியாயம்... வீட்டுல இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். முதல் முறையாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல். முடித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார். "நான்தான் முட்டாள்தனமா இருந்துட்டேன்." சண்டை போட நினைத்து வைத்திருந்த அத்தனையும் எனக்கு மறந்துபோய்விட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாளை தொழிலாளர் ஆணையர் முன்னால் பேச்சுவார்த்தை. துறை சார்பில் நான் போக வேண்டுமாம். "கோட்பாட்டை உங்களை மாதிரி யார் விளக்குவாங்க?" என்கிறார் செயலாளர். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: நிலையம் மூடப்படவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "உன் வேலை. உன் இஷ்டம்," என்றார். நிஜமாகவே என் இஷ்டத்துக்கு விட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

நீள மேசை. ஒரு பக்கம் கரிராஜா, அவர் வக்கீல், நான். எதிர்ப்பக்கம் சங்கத்துக்காரர்கள் நான்கு பேர். மூன்றாவது ஆள் இவர். காலையில் ஒரே குளியலறைக்குச் சண்டை போட்டவர்கள், எதிரெதிரே உட்கார்ந்து வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

ஆணையர் வயதான அம்மாள். காகிதம் எதையும் பார்க்கவில்லை. "துறை என்ன சொல்லுது? நிலையம் மூடிடுச்சா, இல்லையா? எனக்கு ஒரு வார்த்தை போதும்."

கரிராஜா என் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார், சொல்லும்மா என்பதுபோல. வாயில் வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. அடுக்கு, முளை, வளர்ச்சி, ஓய்வு. எதிரே இவர் தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார்.

"மூடிடுச்சு," என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க?" என்று வக்கீல் பாய்ந்தார்.

"பாய்லர் இல்ல. கரி வரலை. ஆள் இல்ல. ஜூன் பதினொண்ணாம் தேதி மூடிடுச்சு. துறை சார்பாத்தான் சொல்றேன், எழுதிக்குங்க."

ஆணையர் எழுதிக்கொண்டார். கரிராஜாவின் மீசை ஆடியது. எனக்குப் பயம்தான், வீரம் எல்லாம் இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பஸ்ஸுல போலாமா, ஆட்டோவா?" என்று கேட்டார். பஸ்ஸிலேயே போனோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மெமோ வந்துவிட்டது. "முளை விரோதப் போக்கு" என்று ஒரு குற்றச்சாட்டு. பத்திரமாக வைத்திருக்கிறேன், சிரிப்பு வராத நாளில் படிக்க.

செப்டம்பர் 15, திங்கள்

ஆணையரின் உத்தரவு வந்தது. மூடல் நடந்ததைத் துறையே ஒப்புக்கொண்டதால், ஐந்தாம் அத்தியாயம் நிலையத்துக்குப் பொருந்தும். நிரந்தரத் தொழிலாளர் அனைவருக்கும் மூன்று வருடச் சம்பளம், மறுபயிற்சி. வாயிலில் இவரைத் தோளில் தூக்கிவிட்டார்களாம். தொப்பையோடு எப்படித் தூக்கினார்களோ.

என்னைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். தரைத்தளம், ஜன்னல் கிடையாது. பதிலாகப் புது நிபுணர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் படத்தில் நான்கு பெட்டியாம்.

எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். ராத்திரி எழுதி, பகலில் சண்டை போட்டு வளர்த்த கொள்கை. போகட்டும், வேலை போகவில்லையே.

அக்டோபர் 12, ஞாயிறு

இவருக்கு நாளைக்கு வகுப்பு ஆரம்பம். காற்றாலைப் பராமரிப்பு. புதுப் பை, புது நோட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் கேலி செய்துகொண்டிருந்தேன். வீட்டில் இந்த மாதிரிச் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்போதுதான் சாம்பல் வந்தான். இளைத்துப் போயிருந்தான். லாரி ஏற்றுகிற வேலைக்குப் போகிறானாம், கூப்பிடுகிற நாளில் மட்டும். அண்ணன் வகுப்புக்குப் போகிறார் என்று பேனா வாங்கி வந்திருந்தான். டீ குடித்தான். அமைச்சரின் படம் போட்ட அந்தக் கொள்கைப் புத்தகம் மேசையில் கிடந்தது. எடுத்துப் புரட்டினான்.

"அண்ணி, இந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்? மேலயா, நடுவுலயா, கீழயா?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நடுவுலதான்டா," என்றேன். "நீ அள்ளலைன்னா அது ஒரு நாள் ஓடியிருக்குமா?"

"அப்ப எனக்கு ஏன் அண்ணி வரலை?"

பின்னாடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார்களே, அந்தப் பின்னாடி எப்போது? கேட்க வேண்டியவள் கோப்பு அறையில் இருக்கிறேன். இவர் நோட்டை மூடிவிட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார்.

இவர்தான் திரும்பினார். "உங்க ஆளுங்க மொத்தம் எத்தனை பேர்டா? எல்லாரையும் நாளைக்கு நிலையத்து வாயிலுக்கு வரச் சொல்லு. நானும் வர்றேன்."

"உங்களுக்கு வகுப்பு இருக்கே அண்ணே. முதல் நாளே போகலைன்னா சம்பளத்தை நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்."

நிரந்தர ஆட்களில் வேறு யாராவது வருவார்களா என்று இவர் இன்னும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். நிறையப் பேர் பார்க்கலாம் என்றார்கள். சாம்பல் வெளியே நின்று அவன் ஆட்களைக் கூப்பிடுகிறான்.

நானும் நாளைக்கு விடுப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் வழக்கமாகத் தலைவலி என்று போடுவேன். இந்தத் தடவை உண்மையையே போட்டிருக்கிறேன்.